எம். எஸ். சுவாமிநாதனைப் பற்றி வன்னிப் பிள்ளை ஒருத்தி என்ன பேசுவது?

கேள்வி: இடதுகரைக் கமக்காரன்

வணக்கம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவன் நான். மகள் உயர்தரத்தில் விவசாய விஞ்ஞானம் படிக்கிறாள். பாடசாலையில் விவசாய விஞ்ஞானி ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்படி சொல்லியிருக்கிறார்கள். அவள் எம். எஸ். சுவாமிநாதனைத் தெரிவு செய்தாள். கும்பகோணத்தில் பிறந்த தமிழர், உலக உணவுப் பரிசை முதன்முதலில் பெற்றவர் என்று பெருமையாக எழுதத் தொடங்கினாள்.

அதற்குள் என் மைத்துனர் வந்து வாசித்துவிட்டுக் கோபப்பட்டார். அவர் எங்கள் கமக்காரர் அமைப்பில் முன்னுக்கு நிற்பவர். இன்றைக்கும் ஒரு துண்டில் மொட்டைக்கறுப்பன் என்ற பழைய நெல்லை விதைக்கிறார். "பச்சைப்பெருமாளையும் மொட்டைக்கறுப்பனையும் வயலை விட்டுத் துரத்தியது அந்த மனிதருடைய பசுமைப் புரட்சிதான். யூரியா இல்லாமல் நெல் விளையாது என்ற நிலைக்கு எங்களைக் கொண்டுவந்து விட்டவரைப் பாராட்டி வன்னிப் பிள்ளை பேசுவதா?" என்று கேட்டார். மகளோ, அவர் இல்லாவிட்டால் இந்தியாவில் பஞ்சம் வந்திருக்கும் என்கிறாள். இரண்டு பேரும் கைத்தொலைபேசியில் படித்ததைத்தான் சொல்கிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது, எங்கள் வயலுக்கும் அந்த மனிதருக்கும் உண்மையில் என்ன தொடர்பு என்பதுதான். விபரம் அறிந்தவர்கள் எழுதுங்கள். பிள்ளை பிழையாகப் பேசிவிடக் கூடாது.

பதில்: ஓய்வுபெற்ற போதனாசிரியர்

தம்பி, என் உத்தியோகக் காலம் முழுவதும் வன்னியில் விவசாயப் போதனாசிரியராக இருந்தேன். உங்கள் மைத்துனரின் கோபம் எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனால் அவர் ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறார்.

எங்கள் வயல்களில் பழைய நெல்லின் இடத்தை முதலில் பிடித்தது எச்-4. குருநாகல் பக்கம் பத்தலகொடையில் இருக்கும் நெல் ஆராய்ச்சி நிலையத்தில், ஹெக்டர் வீரரத்னவும் அவரோடு வேலை செய்தவர்களும் உருவாக்கிய இனம் அது. 1950களின் பிற்பகுதியிலேயே கமக்காரர் கைக்கு வந்துவிட்டது. அப்போது சுவாமிநாதன் டில்லியில் ஓர் இளம் ஆராய்ச்சியாளர். பசுமைப் புரட்சி என்ற பேச்சே இல்லை. அந்த எச்-4இன் பெற்றோரில் ஒன்று இந்த நாட்டுப் பழைய நெல்லான முருங்கக்காயன், மற்றது வெளிநாட்டு இனமான மாஸ். ஆகவே பழைய நெல்லை வெளியாள் ஒருவர் வந்து அழித்தார் என்று மகள் பேச வேண்டியதில்லை. பிறகு வந்த பீஜி வரிசை நெல்லெல்லாம் பெரும்பாலும் அதே பத்தலகொடையில் உருவானவைதான்.

சுவாமிநாதன் பெயர் பெற்றது முக்கியமாகக் கோதுமையில். மகள் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்களில் பாதிப்பேர் அவர் நெல்லில்தான் புரட்சி செய்தார் என்று நினைக்கிறார்கள். ஆனால் அந்தக் கோதுமைக் கதையை வன்னிக் கமக்காரனுக்கு விளங்கப்படுத்த ஒரு நிமிடம் போதும். மொட்டைக்கறுப்பனுக்கு யூரியா அள்ளிப் போட்டால் என்ன நடக்கும்? பயிர் உயரமாக, செழிப்பாக எழும்பும். கதிர் பாரமானதும் ஒரு காற்று மழைக்கு வயல் முழுக்கச் சாய்ந்துவிடும். சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து முளைக்கும். இதே சிக்கல்தான் இந்தியாவின் பழைய கோதுமைக்கும் இருந்தது. நிலம் சத்துக் கொடுத்தாலும் தாள் அதைத் தாங்காது. தாளைக் கட்டையாக்க வேண்டும், கதிரைக் கட்டையாக்கக் கூடாது. இதுதான் கேள்வி.

அவர் இந்தக் கேள்விக்குள் முதலில் நுழைந்தது நெல் வழியாகத்தான். 1954இல் வெளிநாட்டுப் படிப்பு முடிந்து திரும்பியதும் கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில், உரத்தைத் தாங்கும் ஜப்பானிய நெல்லை நம் பக்கத்து இந்திகா நெல்லோடு கலக்கும் வேலையில் இருந்தார். தஞ்சாவூரில் பின்னாளில் பரவிய ஆடுதுறை 27 அந்தத் திட்டத்தின் வழியில் வந்ததுதான். பிறகு டில்லியில் கோதுமை. ஜப்பானின் நோரின் 10 என்ற கட்டைக் கோதுமையின் பண்பை மெக்சிக்கோவில் வேலை செய்த அமெரிக்க விஞ்ஞானி நோர்மன் போர்லாக் தன்னுடைய இனங்களுக்குள் கொண்டுவந்திருந்தார். சுவாமிநாதன் அவரை இந்தியாவுக்கு அழைக்கச் செய்தார். 1963இல் போர்லாக் வந்து வயல்களைச் சுற்றிப் பார்த்தார், பிறகு விதை அனுப்பினார்.

இதற்கு அடுத்துச் சுவாமிநாதன் செய்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அந்த விதையை ஆராய்ச்சிப் பண்ணைக்குள் பூட்டி வைக்கவில்லை. சிறு விவசாயிகளின் சொந்த நிலத்தில், அவர்கள் கையாலேயே விதைக்க வைத்துக் காட்டினார். டில்லிக்குப் பக்கத்தில் ஜவுந்தி என்ற கிராமத்தையே விதை பெருக்கும் கிராமமாக்கினார். பெரிய பண்ணைக்காரன் விளைவித்துக் காட்டினால் சிறு கமக்காரன் நம்ப மாட்டான். அவனிடம் பணம் இருக்கிறது, விளைகிறது என்பான். பக்கத்து வயல்காரனுக்கு விளைந்தால்தான் நம்புவான். முன்மாதிரித் துண்டம் போடுகிற ஒவ்வொரு போதனாசிரியருக்கும் இது தெரியும்.

1966இல் இந்தியா மெக்சிக்கோவிலிருந்து 18,000 தொன் விதைக் கோதுமை இறக்கியது. அன்றைய விவசாய அமைச்சர் சி. சுப்பிரமணியம் அதற்குத் துணிந்தார். அது வரட்சியில் நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்திருந்த நேரம். 1960களின் நடுவில் 1 கோடியே 20 இலட்சம் தொன் அளவில் இருந்த கோதுமை விளைச்சல் 1968இல் ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் தொன்னாயிற்று. மெக்சிக்கோக் கோதுமை மணி சிவப்பு. வட இந்தியர்களுக்கு ரொட்டி வெளிறிய மஞ்சளாக இருக்க வேண்டும். அதற்காகக் கதிர்வீச்சின் மூலம் நிறத்தை மாற்றி ஷர்பதி சோனோரா என்ற இனத்தை எடுத்தார்கள். சோற்றின் நிறம் பார்த்து நெல் விதைக்கிற நமக்கு இது சின்ன விஷயமில்லை.

உங்கள் மைத்துனருக்குப் பதில் இனித்தான் வருகிறது. 1968 ஜனவரியில் வாரணாசியில் நடந்த இந்திய விஞ்ஞான மாநாட்டில் சுவாமிநாதன் பேசினார். மண்ணின் வளத்தையும் கட்டமைப்பையும் காக்காமல் தீவிரமாகப் பயிர் செய்தால் நிலம் பாலைவனமாகும். கண்டபடி கிருமிநாசினி அடித்தால் அந்த நஞ்சு உணவுக்குள் வரும். நிலத்தடி நீரை அளவில்லாமல் உறிஞ்சினால் அது தீர்ந்துபோகும். ஊருக்கு ஊர் பழகிய பல இனங்களை விட்டுவிட்டு ஓரிரண்டு இனங்களையே எங்கும் விதைத்தால் நோய் வந்து முழுவதையும் அழிக்கும். இவ்வளவையும் அன்றைக்கே சொன்னார். பசுமைப் புரட்சி என்ற பெயர் அந்த ஆண்டு மார்ச் மாதத்தில்தான் முதன்முதலாகச் சொல்லப்பட்டது. கோதுமைப் புரட்சிக்கு இந்திரா காந்தி முத்திரை வெளியிட்டது ஜூலையில். கொண்டாட்டத்துக்கு முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது, அதுவும் அந்த விதையைக் கொண்டுவந்தவரின் வாயாலேயே. மகளின் பேச்சுக்கு இதுதான் நடுத்தூணாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மகள் பேச வேண்டியது வாழ்க்கையைப் பற்றி என்றதால் சின்னக் குறிப்பும் தருகிறேன். பிறந்தது 1925 ஆகஸ்ட் 7. தகப்பனார் கும்பகோணத்தில் வைத்தியர். யானைக்கால் நோயை ஒழிப்பதற்காக ஊர்ச் சனத்தையே திரட்டி நுளம்பு பெருகும் இடங்களைத் துப்புரவாக்கியவர். மகனுக்குப் பதினொரு வயதாகும்போது காலமாகிவிட்டார். வீட்டார் மகனையும் வைத்தியராக்க நினைத்தார்கள். 1943 வங்கப் பஞ்சத்தின் செய்திகள் அவரைக் கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரிக்குத் திருப்பிவிட்டன. பொலிஸ் உயர்பதவிக்குத் தெரிவாகியும் போகாமல் நெதர்லாந்துக்குப் போய் உருளைக்கிழங்கில் ஆராய்ச்சி செய்தார். 1952இல் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம். 2023 செப்டம்பர் 28இல் சென்னையில் தன் 98ஆவது வயதில் காலமானார். மற்ற விருது விபரங்களை மகளே தேடிக்கொள்ளட்டும். பேச்சில் விருதுப் பட்டியல் வாசித்தால் பிள்ளைகள் நித்திரை கொள்வார்கள்.

பதில்: அறிவியல்நகர் மாணவன்

ஐயா எழுதியதில் நிறைய அறிந்துகொண்டேன். நான் கிளிநொச்சியில் விவசாய பீடத்தில் படிக்கிறேன். ஒன்றைக் கேட்க வேண்டும். 1968இல் எச்சரித்தார், சரி. ஆனால் 1972 முதல் 1979 வரை இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பிலேயே அவர்தான் இருந்தார். பஞ்சாபில் நெல்லும் கோதுமையும் மாறி மாறி விதைத்து, குழாய்க்கிணறுகளால் நிலத்தடி நீர் இறங்கிப்போனதை இன்று எல்லோரும் பார்க்கிறோம். எச்சரித்தவரிடமே அதிகாரமும் இருந்ததே? அந்தத் தங்கை இதை விட்டுவிட்டுப் பேசினால் அது புகழுரை மட்டும்தான் ஆகும்.

பதில்: ஓய்வுபெற்ற போதனாசிரியர்

நல்ல கேள்வி, மகன். இதை ஒளிக்கத் தேவையில்லை. பஞ்சாபில் நடந்ததற்கு இலவச மின்சாரம், அரசு கொள்முதல் செய்யும் பயிரை மட்டும் விதைக்கும் பழக்கம், உர மானியம் என்று அரசியல் காரணங்கள் பல உண்டு. இருந்தாலும் புதிய விதை போன வேகத்தில் அவருடைய எச்சரிக்கை வயலுக்குப் போகவில்லை. விஞ்ஞானிக்கு அதில் பங்கில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் குறை இருக்கிறது, பேச்சில் அதுவும் வரட்டும்.

ஆனால் வன்னியில் இருந்துகொண்டு இதை யோசிக்கும்போது எனக்கு வேறொன்றும் தெரிகிறது. யூரியா இல்லாத வயல் எப்படி இருக்கும் என்று இந்த நாட்டில் எங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யூரியா உள்ளே வராது. உரத்துக்கென்று உண்டாக்கிய பீஜி நெல்லை உரமில்லாமல் விதைத்தோம். பயிர் மஞ்சளாக நின்றது. காவிளாயும் பூவரசம் குழையும் வெட்டிப் பசளையாகச் சேற்றில் மிதித்தோம், வயலில் மாட்டுப்பட்டி அடைத்தோம். அப்போது சில கமக்காரர்கள் மூலையில் வைத்திருந்த பழைய நெல்லைத் திரும்ப எடுத்தார்கள். விளைச்சல் குறைவு, ஆனால் ஏமாற்றவில்லை. நான் அந்த வயல்களின் வரம்பில் நின்று பார்த்தவன். உயர்ந்த விளைச்சல் தரும் விதை ஒன்று அந்த விதையோடு முடிவதில்லை. அதற்கு உரம் வரும் பாதை திறந்திருக்க வேண்டும், குளத்தில் தண்ணீர் இருக்க வேண்டும், வங்கியில் கடன் கிடைக்க வேண்டும். இவற்றில் ஒன்று அறுந்தாலும் கமக்காரன் தனியே நிற்பான்.

எதிர்ப்பக்கத்தையும் அனுபவித்தோம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். அந்தக் காலபோகத்தில் விளைச்சல் எப்படி விழுந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நவம்பரில் தடையை விலக்கியபோது பலருக்குக் காலம் தப்பிவிட்டது. சுவாமிநாதனின் எச்சரிக்கையை உரத்தைக் கைவிடச் சொன்னதாக வாசிப்பவர்கள் பிழையாக வாசிக்கிறார்கள். மண்ணிலிருந்து எடுக்கும் சத்தை மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தபடியே விளைச்சலையும் உயர்த்த வேண்டும் என்பதுதான் அவர் பின்னாளில் என்றும் பசுமையான புரட்சி என்று பேசி வந்தது. ஓர் அரசாணையால் ஒரு போகத்தில் அது நடக்காது. இயற்கை உரத்துக்கு மாறுவதாக இருந்தால் மண்ணுக்கு வருடங்கள் கொடுக்க வேண்டும்.

பதில்: முள்ளியவளை அக்கா

ஐயாவுக்கு வணக்கம். நான் பெரிதாகப் படித்தவள் இல்லை, வயலும் தோட்டமும் செய்கிறேன். கணவர் இல்லை. இந்த மனிதர் பெண் விவசாயிகளுக்காக ஏதோ செய்தார் என்று எங்கேயோ கேட்டேன். அது என்ன?

ஏன் கேட்கிறேன் என்றால், போருக்குப் பிறகு ஊருக்குத் திரும்பி வந்து வயலைத் திருத்தியவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பெண்கள். காணி அனுமதிப்பத்திரம் கணவர் பெயரில். மானியத்துக்கு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது "காணிக்காரரைக் கூட்டி வாருங்கள்" என்றார்கள். அவர் இல்லை என்று சொல்லியும் அதையே திரும்பச் சொன்னார்கள். சேற்றில் இறங்கி விதைத்தது நான், அரிவி வெட்டியது நான், கமக்காரர் மட்டும் நானில்லை.

இன்னொன்று. எங்கள் அம்மா விதைத்த சிவப்பு நெல் ஒன்று இருந்தது. தவிடு போகாமல் குத்திக் கஞ்சி வைத்தால் பசி நிற்கும். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தபோது விதைநெல்லும் வீட்டோடு போயிற்று. திரும்பி வந்தபோது நிறுவனங்கள் தந்த நெல்லைத்தான் விதைத்தோம். நன்றியோடுதான் சொல்கிறேன், அது இல்லாவிட்டால் பட்டினி. ஆனால் அம்மாவின் நெல் இன்று எங்கள் பக்கத்தில் யாரிடமும் இல்லை. அப்படிப் போன விதையைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறதா?

பதில்: ஓய்வுபெற்ற போதனாசிரியர்

தங்கச்சி, உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன்.

முதலில் பெண்களைப் பற்றி. சுவாமிநாதன் 2004 முதல் 2006 வரை இந்தியாவின் தேசிய விவசாயிகள் ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். அங்கே அதிகம் பேசப்படுவது விலைப் பரிந்துரைதான்: உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்துப் பயிர்களுக்கு ஆதரவு விலை நிர்ணயிக்க வேண்டும் என்றது. டில்லி எல்லையில் விவசாயிகள் போராடியபோதும் அந்தப் பரிந்துரையைத்தான் கேட்டார்கள். அரிவி வெட்டு முடிந்த கிழமையில் நெல் விலை விழுவதைப் பார்த்திருக்கும் நமக்கு அதன் பெறுமதி தெரியும். பிறகு மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, பெண் விவசாயிகளின் உரிமைகளுக்கென்று ஒரு தனிநபர் சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். காணி பெயரில் இல்லாவிட்டாலும் வயலில் வேலை செய்யும் பெண்ணை விவசாயி என்று ஏற்று, கடனும் தண்ணீரும் உதவியும் கிடைக்கச் செய்வது அதன் நோக்கம். அது சட்டமாகவில்லை. ஆனாலும் உங்களிடம் "காணிக்காரரைக் கூட்டி வா" என்றவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதை அவர் நாடாளுமன்றத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். பேசப் போகும் பிள்ளை இதை விட்டுவிடக் கூடாது. கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் வயல் செய்வது அம்மாதான்.

இனி விதை. சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பணிப்பாளர் நாயகம். அங்கே பெரிய நெல் விதை வங்கி இருக்கிறது. இன்று 130,000க்கு மேற்பட்ட மாதிரிகள் வைத்திருக்கிறார்கள். கம்போடியாவில் கெமர் ரூஜ் என்ற இயக்கத்தின் கொடிய ஆட்சிக் காலத்துக்கு முன், 1970களின் தொடக்கத்தில், அந்த நாட்டுக் கமக்காரர்களின் நெல்வகைகளைச் சேகரித்து அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். பிறகு அங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும். சனம் இடம்பெயர்ந்தது, பட்டினியில் விதைநெல்லையும் சாப்பிட்டது, பல இனங்கள் வயலில் இல்லாமலே போயின. 1980களில் அந்த விதைகளை வங்கியிலிருந்து எடுத்துக் கம்போடியாவுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். தாத்தா விதைத்த நெல்லைப் பேரன் திரும்ப விதைத்தான். உங்கள் மைத்துனருக்கு இதைச் சொல்லுங்கள், தம்பி. பழைய நெல்லைக் காப்பாற்றுவதும் இதே விஞ்ஞானத்தின் வேலைதான். 1988இல் உலக உணவுப் பரிசுப் பணத்தைக் கொண்டு சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனத்திலும் அவர் கொல்லிமலையில் சாமை, தினை வகைகளை அந்த மலைச்சனத்தின் கையிலேயே காக்கும் வேலையைச் செய்வித்தார்.

நம் நாட்டிலும் அப்படி ஓர் இடம் உண்டு. பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொருவையில், விவசாயத் திணைக்களத்தின் தாவர மரபுரிமை வளங்கள் நிலையம். 1988இல் ஜப்பானிய உதவியோடு தொடங்கியது. இலங்கையின் பழைய நெல்வகைகளின் விதைகளைக் குளிரூட்டிப் பாதுகாக்கிறார்கள். உங்கள் அம்மாவின் நெல் அங்கே இருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தேட வேண்டும். அதற்குப் பெயர் மட்டும் போதாது, ஒரே நெல்லுக்கு ஊருக்கு ஊர் பெயர் வேறு. நீங்கள் நினைவில் உள்ளதையெல்லாம் எழுதுங்கள்: எத்தனை மாதப் பயிர், மேட்டு வயலிலா பள்ள வயலிலா விதைத்தீர்கள், உமியின் நிறம், கதிரில் வால் இருந்ததா இல்லையா, மணி உருண்டையா நீளமா, வெள்ளத்தில் நின்றதா. ஊரில் உள்ள வயதானவர்களையும் கேளுங்கள். பிறகு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் மூலம் விண்ணப்பியுங்கள்.

கிடைத்தாலும் ஒரு கைப்பிடிதான் கிடைக்கும். வயலில் வீசிவிடாதீர்கள். வீட்டோடு ஒரு சின்னப் பாத்தி கட்டி, ஒவ்வொரு நாற்றாக நட்டுப் பெருக்குங்கள். பக்கத்தில் வேறு நெல் அதே நேரத்தில் பூக்காதபடி நாளைத் தள்ளி விதையுங்கள். மாறுபட்ட தாள் எது தெரிந்தாலும் பிடுங்கிவிடுங்கள். வரும் விதையை மூன்று வீட்டிலாவது பிரித்து வையுங்கள், ஒரே வீட்டில் வைக்க வேண்டாம்.

பதில்: இடதுகரைக் கமக்காரன்

ஐயா, அக்கா, தம்பி எல்லோருக்கும் நன்றி. மைத்துனருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். எச்-4 விஷயத்தை ஏற்றுக்கொண்டார், பஞ்சாப் விஷயத்தில் மாணவன் பக்கம்தான் நிற்கிறார். மகள் பேச்சை வாரணாசியிலிருந்து தொடங்கப் போகிறாள், பஞ்சாபையும் சேர்க்கிறாள்.

முள்ளியவளை அக்காவுக்கு ஒன்று: மைத்துனரிடம் இருக்கும் மொட்டைக்கறுப்பனில் இந்தப் போகம் விதைக்கு ஒதுக்கியதிலிருந்து ஒரு கொத்துத் தருவதாகச் சொல்கிறார். அது உங்கள் அம்மாவின் நெல் இல்லை, ஆனாலும் சிவப்பு அரிசி. விருப்பமானால் இங்கே எழுதுங்கள், பஸ்ஸில் கொடுத்து விடுகிறோம்.